கல்லமேட்டு எலும்பு கட்டுக்குள்ளேயே நொறுங்கியது ஏன்? மாலேரி முதல் சிவகங்கை வரை ஒரு நிகழ்வு ஆய்வு

அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் மணற்பாறையிலிருந்து வெளிவந்த ஒரு கீழ்க்கால் எலும்பின் நீளம் 2 மீட்டர். வீட்டு நிலைக்கதவைக் கழற்றித் தரையில் படுக்கப் போட்டால் கிட்டத்தட்ட அந்த நீளம் வரும். அதோடு ஓர் இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, முன்னங்கை எலும்பு, வால் முள்ளெலும்பு ஆகியவையும் கிடைத்தன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் 1980களின் இறுதியில் அந்த விலங்குக்குப் பிருகத்காயோசாரஸ் மேட்லேயி என்று பெயரிட்டார்கள். பெருத்த உடல் என்பது முன்பாதியின் பொருள். பின்பாதி, அதே வட்டாரத்தில் முன்பு ஆய்ந்த சார்லஸ் மேட்லேயின் நினைவு. முதலில் அதை ஊன் தின்னும் வகை என்றே எழுதினார்கள். பின்னர் ஆய்ந்தவர்கள், நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று திருத்தினார்கள். 2023-இல் வெளியான ஒரு கணிப்பு அதன் எடையை 100 டன்னுக்கு மேல் வைத்தது.

அந்த எலும்புகள் இன்று எங்கும் இல்லை. பத்திரமாகக் கொண்டுபோகச் சாந்தில் நனைத்த துணியைச் சுற்றி, பாரிஸ் சாந்துக் கட்டுப் போட்ட பிறகு, கட்டுக்குள்ளேயே நொறுங்கத் தொடங்கி, ஆய்வகம் போய்ச் சேருமுன் மண்ணாகிவிட்டன. மிஞ்சியவை அளவுகளும் வரைபடங்களும் சில புகைப்படங்களும்தான்.

மதுரையிலிருந்து திருச்சி வழியாகப் போனால் கல்லமேடு ஏறத்தாழ 200 கி.மீ. கிழக்கே இன்னும் பக்கத்தில், சிவகங்கையைச் சுற்றி, கோண்டுவானா என்ற பழம்பெருங்கண்டத்தின் காலத்து மணற்பாறையும் களிப்பாறையும் இருக்கின்றன. மாணவர்களும் ஆசிரியர்களும் அங்கே கல் பார்க்கப் போகிறார்கள். அவர்களுக்காகவே இந்த ஆய்வு. நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான்: எலும்பைத் தொடுமுன் அதைப் பிடித்திருக்கும் பாறையைப் படிக்க வேண்டும். எலும்பு நிற்குமா உதிருமா என்பது பாறையின் கையில் இருக்கிறது.

முதலில் மதுரைக் கல்

யானைமலையிலும் திருப்பரங்குன்றத்திலும் கீழவளவிலும் எலும்பு தேட வேண்டாம். இந்த வட்டாரத்தின் நைஸ், சார்னோகைட் என்ற கடும்பாறைகள் பூமியின் மேலோட்டுக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், 800 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து மீண்டும் படிகமானவை. கடைசியாக அப்படி வெந்தது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன். எலும்புள்ள உயிர்கள் அப்போது தோன்றவே இல்லை. சிவகங்கையில் வெட்டியெடுக்கும் கிராஃபைட்டே இதற்குச் சாட்சி. பாறையிலிருந்த கரிமம் பென்சில் கரியாக மாறும் அளவுக்கு அங்கே சூடு ஏறியிருக்கிறது.

ஆனாலும் 'முட்டை கிடைத்தது', 'செடி பதிந்த கல் கிடைத்தது' என்று சொல்வது நிற்பதில்லை. முட்டை எனப்படுபவை பெரும்பாலும் வெங்காயச் சருகுபோல அடுக்கடுக்காக உரிந்து உருண்டையாகும் பாறைகள். செடி எனப்படுபவை விரிசலுக்குள் கசிந்த மாங்கனீசு கிளை விட்டுப் படிந்த கறுப்புக் கோடுகள். உண்மையான இலைப்பதிவில் நடு நரம்பு ஒழுங்காக ஓடும், இலையடி எங்கே ஒட்டியது என்பது தெரியும். மாங்கனீசுக் கிளையில் இரண்டும் இருக்காது. அதன் வேர் எப்போதும் ஒரு விரிசலில் போய் முடியும். உருண்டை தொல்லுயிர்ப் பாறையிலேயே கிடைத்தாலும் அவசரப்படக் கூடாது. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் குளத்தில் மண் எடுத்தபோது வெளிவந்த பெரிய உருண்டைகளை டைனோசர் முட்டை என்று ஊரே பேசியது. வந்து பார்த்த வல்லுநர்கள், அம்மோனைட் என்ற கடல் உயிரியைச் சுற்றி இறுகிய கற்கள் என்றார்கள்.

மாலேரி: தொடக்க கால டைனோசர் எப்படிக் கிடைக்கும்

தமிழ்நாட்டில் வெளியே தெரியும் படிவுகளில் டிரயாசிக் காலத்தவை (ஏறத்தாழ 25 முதல் 20 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை) இல்லை. ஆகவே உலகின் முதல் டைனோசர்களை நம் மண்ணில் தேடி நேரம் போக்க வேண்டாம். அவை இருக்கும் பாறை, தெலங்கானாவில் பிராணகிதை–கோதாவரிப் பள்ளத்தாக்கின் மாலேரி படிவு. ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய சிவப்புக் களியும், ஆற்றுத் தடத்தில் படிந்த மணலும், சுண்ணாம்பு உருண்டைகள் சேர்ந்து இறுகிய கல்லும் அங்கே மாறி மாறிக் கிடக்கின்றன. எலும்பு அதிகம் வருவது சிவப்புக் களியில். மணற்பாறையில் வருபவை பெரும்பாலும் நீரோட்டத்தில் உருண்டு முனை மழுங்கிய துண்டுகள்.

ஒரு படிவில் டைனோசர் எவ்வளவு அரிது என்பதை மாலேரி நன்றாகக் காட்டும். கீழ் மாலேரியில் அடிக்கடி வருபவை ஹைப்பரோடாப்பிடான் என்ற அலகுள்ள தாவர உண்ணி, முதலை போன்ற பாராசூக்கஸ், தட்டைத் தலையுள்ள பெரிய நீர்நில வாழ்வி. பாராசூக்கஸ் எலும்புக்கூடுகளின் வயிற்றிடத்தில் மாலேரிசாரஸ் என்ற சிறு ஊர்வனத்தின் எலும்புகளே கிடைத்திருக்கின்றன. டைனோசர் என்று சொல்ல அங்கே கிடைத்தது ஒரு சிறு விலங்கின் துண்டுகள் மட்டும். ஹைப்பரோடாப்பிடான் அர்ஜென்டினா, பிரேசில், ஸ்காட்லாந்துப் பாறைகளிலும் இருக்கிறது. அது கிடைத்தால் பாறையின் வயது ஏறத்தாழ தெரிந்துவிடும், அதன் பிறகு டைனோசரைத் தேடலாம். நேரடியாக டைனோசரைத் தேடிப் போகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள்.

அந்தச் சிறு விலங்கை சங்கர் சட்டர்ஜி 1987-இல் வாக்கேரியா என்று பெயரிட்டு வெளியிட்டார். பிரிட்டிஷ் ஆய்வாளர் ஆலிக் வாக்கரின் நினைவான பெயர். அதே பெயரை ஏற்கெனவே ஒரு கடல் உயிரிக்கு வைத்திருந்ததால் 1994-இல் ஆல்வாக்கேரியா என்று மாற்ற வேண்டியதாயிற்று. பெயர்ச் சிக்கல் எளிதில் தீர்ந்தது. பெரிய சிக்கல் பிறகு வந்தது. 2005-இல் ரெமெசும் ரௌகுட்டும் அந்த எலும்புகளை மறுபடி ஆய்ந்து, அவை ஒரே உடலைச் சேர்ந்தவை இல்லை என்றார்கள். மண்டையோட்டு முன்பகுதி வேறு ஊர்வனத்துடையதாக இருக்கலாம், முள்ளெலும்புகளிலும் கலப்பு உண்டு, டைனோசர் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை தொடையெலும்பும் கணுக்கால் எலும்பும்தான் என்பது அவர்கள் முடிவு.

இந்தக் கலப்பு எப்படி வருகிறது என்பதைக் களத்தில் இருப்பவர்கள் மனதில் வைக்க வேண்டும். சிவப்புக் களி மழையில் கரைந்து ஓடும்போது சிறு எலும்புகள் சரிவில் இறங்கி ஓடையின் ஒரே மூலையில் சேரும். மேலடுக்கு எலும்பும் கீழடுக்கு எலும்பும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். நிறமும் ஒன்று, அளவும் ஒன்று. ஒரே பையில் அள்ளிப் போட்டால் அதன் பிறகு பிரிக்க வழி கிடையாது.

கீழடியில் குழிகளைக் கட்டம் பிரித்து, அடுக்கு அடுக்காக இறங்கி, பொருள் கிடைத்த ஆழத்தை எழுதுவதை மதுரைக்காரர்கள் பலரும் நேரில் பார்த்திருக்கிறார்கள். அதே ஒழுங்கு இங்கும் வேண்டும். 1 மீட்டர் கட்டமாகக் கயிறு கட்டுங்கள். ஒவ்வோர் எலும்புத் துண்டுக்கும் தனி எண், தனிப் பை. கட்டத்தின் இரு ஓரங்களிலிருந்து தூரம், ஆழம், எலும்பின் நீள்முனை எந்தத் திசை நோக்குகிறது, எல்லாம் எழுத வேண்டும். தரைமேல் உருண்டு கிடந்ததையும் பாறைக்குள் பதிந்திருந்ததையும் ஒருபோதும் ஒரே எண்ணில் சேர்க்கக் கூடாது. இரண்டு எலும்புகள் மூட்டோடு மூட்டு பொருந்திய நிலையில் இருந்தால் மட்டுமே 'ஒரே உடல்' என்று களக்குறிப்பில் எழுதலாம். மற்ற எல்லாம் 'பக்கத்தில் கிடைத்தது' என்ற அளவோடு நிற்கட்டும்.

மேல் மாலேரியில் நிலை மாறுகிறது. 2011-இல் ஜக்லபள்ளிசாரஸ், நம்பாலியா என்ற இரண்டு தாவர உண்ணி டைனோசர்கள் அங்கிருந்து பெயர் பெற்றன. 2025-இல் மாலேரிராப்டர் குட்டியி என்ற ஊனுண்ணி சேர்ந்தது. அதற்கு மேலுள்ள தர்மாரம் படிவிலிருந்து 2007-இல் லாம்ப்ளூசாராவும் பிரதானியாவும் வந்தன. லாம்ப்ளூசாரா, பமீலா லாம்ப்ளூ ராபின்சனின் பெயர். 1950களின் பிற்பகுதியில் புள்ளியியல் அறிஞர் மகாலனோபிஸின் அழைப்பில் லண்டனிலிருந்து வந்து, கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் இந்த வேலைக்கு அடித்தளம் போட்டவர் அவர். பிரதானியாவோ களத்தில் எலும்பைத் தேடி எடுத்த ஓர் ஊழியரின் பெயர். கண்டெடுக்கும் கண்ணுக்கும் மரியாதை செய்த பெயர் என்பதால் எங்களுக்கு அது பிடிக்கும்.

கோட்டா: காப்பாற்றப்பட்ட எலும்புகள்

அதே பள்ளத்தாக்கில், மாலேரிக்கும் தர்மாரத்துக்கும் மேலே, டிரயாசிக்கை அடுத்து வந்த ஜுராசிக் காலத்துக் கோட்டா படிவு. அங்கே எடுத்த பாராபாசாரஸ் தாகூரி இன்று கொல்கத்தாவில் முழு எலும்புக்கூடாக நிற்கிறது. வங்காளத்தில் 'பாரா பா' என்றால் பெரிய கால். தோண்டியது தாகூர் நூற்றாண்டை ஒட்டி என்பதால் தாகூரி. ஏறத்தாழ 300 எலும்புகள், குறைந்தது ஆறு விலங்குகள், பெரிய மரத்தண்டுகளோடு ஒரே இடத்தில் கிடந்தன. மண்டையோடு கிடைக்கவில்லை, பற்கள் கிடைத்தன. கோட்டாவிலிருந்து வந்த மற்றொன்றான கோட்டாசாரஸை யாதகிரி 1988-இல் வெளியிட்டார். குறைந்தது 12 விலங்குகளின் எலும்புகள். அது ஐதராபாத் பிர்லா அறிவியல் மையத்தில் நிற்கிறது.

அதே யாதகிரிதான் கல்லமேட்டு எலும்பை விவரித்தவரும். கோட்டாவில் நூற்றுக்கணக்கான எலும்பைப் பத்திரமாகக் கொண்டுபோன கைகளுக்குக் கல்லமேட்டில் அது முடியாமல் போனதற்குத் திறமைக் குறைவைக் காரணம் சொல்வது நியாயமில்லை. பாறையைப் பார்க்க வேண்டும்.

கல்லமேடு: பாறை செய்தது

கல்லமேடு படிவு அரியலூர்த் தொகுதியின் உச்சியில், ஏறத்தாழ 7 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்குள் ஆறுகள் படிவித்த மணலும் களியும். இறுக்கம் குறைந்த பாறை. விரலால் தேய்த்தாலே மணல் உதிரும் இடங்கள் உண்டு. எலும்பும் நன்றாகக் கல்லாகாமல் பொரபொரப்பாக இருந்தது. மழைக்காலத்தில் நனைந்து, சித்திரை வெயிலில் காய்ந்து, இப்படி ஆண்டுக்கு ஒரு முறையாவது ஊறிச் சுருங்கும் மண்ணில் பெரிய எலும்பு உள்ளேயே மயிர்விரிசல் விட்டிருக்கும். சுற்றியுள்ள மண் இறுக்கிப் பிடிக்கும்வரை எலும்பு உருவம் காட்டும். மண்ணை எடுத்ததும் பிடிமானம் போய்விடும்.

களியில் ஊறும் வகை ஒன்று உண்டு, மான்ட்மோரிலனைட். நீரை இழுத்துப் பருக்கும், காய்ந்தால் வெடிக்கும். கரிசல் வயலில் கோடையில் கால் நுழையும் அளவுக்கு விடும் வெடிப்பு இதன் வேலைதான். அந்த வெடிப்பு ஓர் எலும்பின் நடுவே ஓடுவதாக நினைத்துப் பாருங்கள்.

இதை முன்கூட்டி அறிய இரண்டு சோதனைகள் போதும், மண்கட்டி காய்ந்த பிறகு இரண்டுக்கும் பத்து நிமிடம் ஆகாது. எலும்பிலிருந்து ஓரடி தள்ளி எலுமிச்சை அளவு மண்கட்டி எடுத்து, நிழலில் நன்றாகக் காயவைத்து, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாக விடுங்கள். சில நிமிடங்களில் ஓரம் ஓரமாக உதிர்ந்து குவியலாகச் சரிந்தால் ஊறும் களி பிடித்திருக்கிறது. அப்படியே நின்றால் சுண்ணாம்போ சிலிக்காவோ இரும்போ பிடித்திருக்கிறது. அடுத்து, வேறொரு காய்ந்த துண்டின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு. நுரைத்தால் சுண்ணாம்புப் பிடிப்பு. முதல் சோதனையில் உதிர்ந்து, இரண்டாவதில் நுரைக்காத பாறைதான் ஆபத்தானது. அங்கே எலும்பின் மேல் தண்ணீர்த் துளி படாமல் வேலை செய்ய வேண்டும்.

கல்லமேட்டு எலும்பைப் பற்றி இன்னொரு சந்தேகமும் நெடுங்காலம் ஓடியது: அது எலும்பே இல்லை, கல்லான மரம் என்று. பக்கத்திலேயே பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கும்போது சந்தேகம் இயல்பானதே. 2022-இல் அய்யாசாமியும் பாலும் பழைய புகைப்படங்களை வெளியிட்ட பிறகு அந்தப் பேச்சு அடங்கியது. ஒரு துண்டு கையில் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும் வாதம் இது. உடைந்த முகத்தை 10 மடங்கு கண்ணாடியில் பார்த்தால் எலும்பில் வெளிப்புறம் அடர்த்தியாகவும் உட்புறம் பஞ்சுபோன்ற துளைகளோடும் தெரியும். மரத்தில் நீளவாக்கில் ஓடும் நாரும், குறுக்கே வெட்டினால் அடுத்தடுத்த செல் வரிசைகளும் தெரியும். ஆகவே உதிர்ந்த துண்டையும் எறியாதீர்கள். கட்டுக்குள் போகாத கைப்பிடித் துண்டு ஒன்று தனிப் பெட்டியில் இருப்பது காப்பீடு மாதிரி.

கட்டுப் போடுதல்: எங்கே பிசகுகிறது

ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 40 செ.மீ. உயரம் கொண்ட, எலும்பைச் சுற்றிய பாறையோடு சேர்த்து எடுக்கும் பாளத்தை எடுத்துக்கொள்வோம். கன அளவு 0.2 கன மீட்டர். மணற்பாறை கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.3 டன் என்பதால் பாளம் மட்டும் 460 கிலோ. இதை முதலிலேயே கணக்கிடாமல் கட்டி முடித்து, தூக்க ஆள் இல்லாமல் மழையில் விட்டுவிடுவது நடக்கும் பிழை. முக்காலியும் செயின் பிளாக்கும் வாடகைக்குப் பேசிய பிறகே முதல் சாக்கை நனைக்க வேண்டும்.

மேற்பரப்பு, அடிப்பக்கம் உட்பட, ஏறத்தாழ 2.2 சதுர மீட்டர். 1 முதல் 1.5 செ.மீ. தடிப்புக்கு 30 முதல் 40 கிலோ பாரிஸ் சாந்து வேண்டும். ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர்கள் 'பிஓபி' என்று வாங்கும் அதே சாந்துதான், ஆனால் மூட்டை புதிதாக இருக்க வேண்டும். ஈரம் வாங்கிய பழைய சாந்து நேரத்துக்கு இறுகாது, இறுகினாலும் விரலில் பொடியும். வாங்கும்போதே ஒரு கப் கலந்து பார்த்துவிடுங்கள். துணிக்கு சணல் சாக்கு 6 அல்லது 7. இப்போது அரிசி மூட்டை பெரும்பாலும் பிளாஸ்டிக் பின்னலில் வருகிறது. அது சாந்தை உறிஞ்சாது, பாளத்தைப் புரட்டும்போது அடுக்கு உரிந்து வரும். மண்டியில் சொல்லி வைத்துப் பழைய சணல் சாக்கே வாங்கி, அலசி, 15 செ.மீ. அகலப் பட்டையாகக் கிழித்துக்கொள்ளுங்கள்.

பாளத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, அடியைக் குறுக்கி, காளான் வடிவத்தில் நிறுத்த வேண்டும். எலும்புக்கு மேலே 5 செ.மீ. பாறையாவது இருக்கட்டும். எலும்பை முழுக்கச் சுத்தம் செய்து பார்க்கும் ஆசையைக் களத்தில் அடக்கிக்கொள்வது கடினம், ஆனால் நொறுங்கும் எலும்பை அதுதான் முதலில் கொல்லும்.

வெளியே தெரியும் இடத்தில் பலப்படுத்த பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின் குருணை 50 கிராமை ஒரு லிட்டர் அசிட்டோனில் கரைத்து, சொட்டுச் சொட்டாக விடலாம். எலும்பு காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் விட்டால் வெள்ளை பூத்து மேலே தோலாக நின்றுவிடும், உள்ளே இறங்காது. ஃபெவிகாலைத் தண்ணீரில் கலந்து பூசுவது வேண்டவே வேண்டாம். தண்ணீர் களியை ஊறவைக்கும், பசை பிறகு எதிலும் சரியாகக் கரையாது.

இப்போது கட்டு. 100 கிலோ சாந்துக்கு ஏறத்தாழ 65 லிட்டர் தண்ணீர் கலக்கிறோம். அதில் 18 லிட்டர் சொச்சம்தான் வேதி முறையில் சாந்தோடு சேர்ந்து இறுகும். நம் பாளத்துக்கு 35 கிலோ சாந்து என்றால் தண்ணீர் ஏறத்தாழ 23 லிட்டர், சாந்து எடுத்துக்கொள்வது ஆறரை லிட்டர். மீதி 16 லிட்டர், அதாவது ஒரு குடம் நிறைய, வெளியே காற்றுக்குப் போக வேண்டும், அல்லது உள்ளே எலும்புக்குப் போகும். சுண்ணாம்பு பிடித்த பாறை அதைத் தாங்கும். ஊறும் களி தாங்காது. எலும்பைக் காக்கப் போட்ட கட்டே உள்ளிருந்து அதைப் பிளக்கும் வழி இதுதான். வழக்கமாகச் சாந்து ஒட்டாமலிருக்க நனைத்த செய்தித்தாளைப் போர்த்துவார்கள். களிப் பாறையில் அதை மாற்றி, உலர்ந்த டிஷ்யூ தாள் இரண்டு அடுக்கு, அதன் மேல் சமையலறை அலுமினியத் தாள் இடைவெளியின்றி, பிறகே சாந்துப் பட்டை. மூன்று நான்கு அடுக்கு, பட்டைகள் பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி. நீளவாக்கில் இரண்டு சவுக்குக் கட்டைகளை மூன்றாம் அடுக்கில் வைத்துக் கட்டினால் நடுவில் முறியாது. வடக்குக் குறி, எண், தேதி, எது மேல்பக்கம் என்பது எல்லாம் சாந்து காயுமுன் கீறிவிட வேண்டும். பேனா மை மழையில் போய்விடும்.

புரட்டிய பிறகு அடிப்பக்கத்தை அன்றே மூடாதீர்கள். நிழலில், தரையிலிருந்து உயர்த்தி, இரண்டு மூன்று நாள் மெதுவாக மூச்சு விடட்டும். வெயிலில் வைத்தால் ஓரம் முந்திக் காய்ந்து நடு ஈரமாக நின்று வெடிக்கும். கட்டு தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது, அந்த நிலையில் லாரியில் ஏற்றக் கூடாது. இந்த வேலைக்கு நம் பக்கத்தில் மாதம் தை முதல் பங்குனி வரை. ஐப்பசி அடைமழைக்குள் முடித்துவிடலாம் என்று புரட்டாசியில் தொடங்குவது சூதாட்டம்.

சிவகங்கையில் எதைப் பார்ப்பது

புரூஸ் ஃபுட் 1883-இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை எழுதியபோதே இந்தப் படிவு பதிவாகிவிட்டது. உருண்டைக் கற்கள் சேர்ந்த அடுக்கு, மணற்பாறை, மெல்லிய களிப்பாறை. களிப்பாறையில் டிலோபில்லம் போன்ற செடிகளின் இலைப்பதிவுகள். சீப்பின் பற்கள்போல நடுத்தண்டின் இருபுறமும் நெருக்கமாக நிற்கும் குறுகிய இலைகள் இதன் அடையாளம். காலம், ஜுராசிக்கை அடுத்து வந்த கிரெட்டேசியத்தின் முற்பகுதி. அதாவது மாலேரியின் சிறு டைனோசரைவிட ஏறத்தாழ 10 கோடி ஆண்டு பிந்தியது. எலும்பு என்று ஒன்று இங்கே வந்தால் அது தொடக்க கால டைனோசராக இருக்க முடியாது என்பதை முதல் குறிப்பிலேயே எழுதிக்கொண்டு தேடுவது நல்லது.

சிவகங்கைப் பக்கம் மேலே செம்புறாங்கல் மூடியிருப்பதால் பாறையைப் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் கிணறு வெட்டிய குவியல், கண்மாய் மடையின் வெட்டு, ஓடைக் கரை. கிணற்றுக் குவியலில் கிடைத்ததற்கு ஆழம் தெரியாது. வெட்டியவரைக் கேட்டு எத்தனையாவது அடியில் வெள்ளைக் களி வந்தது என்று அன்றே எழுதிக்கொள்ளுங்கள். களிப்பாறையை அடுக்கு ஓடும் திசையில் மெல்லிய உளி வைத்துத் தட்டினால் ஏடு ஏடாகப் பிரியும். பிரியும் இரண்டு முகங்களிலும் பதிவு இருக்கும், இரண்டையும் ஒரே எண்ணில் அ, ஆ என்று குறித்து, நடுவே டிஷ்யூ வைத்து, செய்தித்தாளில் சுற்றுங்கள். கழுவ வேண்டாம், வார்னிஷ் பூச வேண்டாம். படம் எடுக்கும்போது வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழட்டும், பக்கத்தில் செ.மீ. அளவுகோல் இருக்கட்டும். எலும்பு போலத் துளைகளுள்ள எதுவும் பாறைக்குள் தெரிந்தால் மேலே காய்ந்த மணலைத் தூவி மூடி, இடத்தைக் கைப்பேசியில் குறித்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கோ அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் துறைக்கோ சொல்லுங்கள். தொல்லியல் துறை மனிதர் விட்டுச்சென்றதைப் பார்க்கும் துறை, இது அவர்கள் வேலை ஆகாது. ஆள் வரும்வரை பக்கத்து மண்ணில் எலுமிச்சை அளவுக் கட்டி ஒன்றை எடுத்து டம்ளர் தண்ணீரில் போட்டு, எத்தனை நிமிடத்தில் சரிந்தது என்று எழுதி வையுங்கள். வருகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.